வல்ச்சர் டிராய்டை பிளெண்டரில் கட்டி நடக்கவிடுவது: முழுமையான வழிகாட்டி

ஸ்டார் வார்ஸ் உலகத்தில் விமானி இல்லாமல் தானே பறந்து தானே சுடும் போர் விமானம் வல்ச்சர் டிராய்டு. பறக்கும்போது இறக்கையாக இருப்பதுதான் தரையிறங்கியதும் காலாகிறது. இரண்டு பக்க இறக்கைகளும் நீளவாக்கில் பிளந்துகொள்ளும், நான்கு நுனிகளும் நான்கு பாதங்களாகிவிடும்.

இதைக் கட்டத் தொடங்கும் புதியவர்கள் முதல் நாளே சிவப்புக் கண்களை அழகாகச் செய்து முடித்துவிடுவார்கள். மூன்றாவது வாரம் இறக்கையை மடக்கிப் பார்த்தால் அது உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும். என் முதல் மாடலுக்கும் அதே கதிதான். இந்த மாடலில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது கீல்கள். கீலை முதலில் முடிவு செய்தால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளின் 4.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. பழைய பதிப்பிலும் செய்யலாம், ஆனால் பட்டிகளின் பெயர்கள் அங்கங்கே மாறியிருக்கும். உருளை உள்ள சாதாரண மவுஸ் ஒன்று கட்டாயம். டச்பேடில் இந்த வேலையைச் செய்ய முயன்றவர்கள் இரண்டாம் நாளே காணாமல் போனார்கள்.

மடிக்கணினியில் எண் விசைப்பலகை இல்லையென்றால், பிரிஃபரன்சஸில் இன்புட் பகுதிக்குப் போய் 'எமுலேட் நம்பேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன், பக்க, மேல் பார்வைகளுக்கு 1, 3, 7 விசைகளை நூறு முறை தட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம் படங்கள். பறக்கும் நிலையில் முன், பக்க, மேல் தோற்றங்கள். நடக்கும் நிலையில் அதே மூன்று. படக்காட்சியிலிருந்து எடுத்த ஃபிரேம்களை அளவெடுக்கப் பயன்படுத்தாதீர்கள். கேமரா அருகில் இருந்து எடுத்ததால் முன்னால் உள்ளது பெரிதாகவும் பின்னால் உள்ளது சிறிதாகவும் தெரியும். பொம்மையையோ பிளாஸ்டிக் மாடலையோ தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்த படங்கள் இதற்கு ஏற்றவை.

ஒரே தோற்றத்தைப் பின்பற்றுங்கள். 1999இல் வந்த முதல் படத்தில் இருப்பதும் பின்னால் அனிமேஷன் தொடரில் வருவதும் நுணுக்கங்களில் ஒன்றல்ல. பாதி அங்கே, பாதி இங்கே என்று எடுத்தால் விகிதம் எங்கேயோ இடிக்கும்.

2. அளவும் திசையும்

நான் நீளத்தை 3.5 மீட்டராக வைத்துக்கொள்கிறேன். கிட்டத்தட்ட ஒரு சிறிய கார். பிளெண்டரில் ஓர் அலகு ஒரு மீட்டர் என்பதால் உண்மை அளவிலேயே கட்டலாம். 'இப்போதைக்கு எந்த அளவாவது இருக்கட்டும், கடைசியில் சுருக்கிக்கொள்ளலாம்' என்று விட்டால் விளிம்பு அகலம், ஒளி, இயக்கம் எல்லாவற்றையும் இரண்டாம் முறை சரிசெய்ய நேரும்.

வண்டியின் முகம் ஒய் அச்சின் கழித்தல் (-Y) திசையைப் பார்க்கட்டும். அப்போதுதான் 1 விசையைத் தட்டினால் முகம் தெரியும். தலைகீழாக வைத்துவிட்டு, இடது வலது பெயர்களில் குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. பெட்டிகளால் ஒரு பொம்மை

உடல் ஒரு பெட்டி, தலை ஒரு பெட்டி, இறக்கைத் தகடுகள் நான்கு தட்டைப் பெட்டிகள். மொத்தம் ஆறு. இதற்கு மேல் எதுவும் வேண்டாம். அரை மணி நேர வேலை.

இது அழகாக இருக்கத் தேவையில்லை. அடுத்த படியில் கீலின் இடத்தைப் பத்துப் பதினைந்து முறை மாற்றப் போகிறோம். ஆறு பெட்டிகளை மாற்ற ஒரு நிமிடம் போதும். வரிக்கோடுகளும் திருகுகளும் செதுக்கிய இறக்கையை மாற்ற யாருக்கும் மனசு வராது. 'பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும்' என்று விட்டுவிடுவோம். அந்தப் 'பரவாயில்லை'தான் கடைசியில் காலை வாரும்.

4. கீல் எங்கே இருக்கிறது?

இதுதான் முக்கியமான படி. அவசரப்படாதீர்கள்.

பறக்கும் படத்தையும் நடக்கும் படத்தையும் ஒரே பார்வையில், ஒரே அளவில், உடல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி வையுங்கள். உடல் அசையாது, இறக்கை மட்டும் இடம் மாறியிருக்கும். இறக்கை நுனி முதல் படத்தில் இருக்கும் இடத்தையும் இரண்டாவது படத்தில் இருக்கும் இடத்தையும் ஒரு கோட்டால் இணையுங்கள். அந்தக் கோட்டுக்கு நடுவில் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். பள்ளியில் படித்த மையச் செங்குத்துக்கோடுதான்.

இறக்கையில் இன்னொரு புள்ளியை எடுத்து இதையே செய்யுங்கள். பீரங்கியின் முனையை எடுத்தால் அடையாளம் காண எளிது. இரண்டு செங்குத்துக் கோடுகளும் வெட்டும் இடம்தான் கீல். இதை பிளெண்டருக்குள் செய்வதைவிட, அச்செடுத்த தாளில் அடிக்கோலும் பென்சிலுமாகச் செய்வது விரைவாக முடியும்.

ஒரு நிபந்தனை உண்டு. கீலின் அச்சு பார்வைக்கு நேராக, அதாவது உங்கள் கண்ணைப் பார்த்தபடி இருக்க வேண்டும். சாய்வான படத்தில் இந்தக் கணக்கு பொய் சொல்லும்.

இறக்கைக்கு இரண்டு அசைவுகள் இருப்பதையும் கவனியுங்கள். ஒன்று, மேல் தகடும் கீழ்த் தகடும் விரிந்து பிளப்பது. இன்னொன்று, முழு இறக்கையும் தரையை நோக்கி மடிவது. இரண்டையும் ஒரே கீலில் திணிக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு கண்டுபிடித்துக் குறித்துவையுங்கள். பொம்மை கையில் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்; திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இடம் தெரிந்ததும் 3டி கர்சரை (இடம் குறிக்கும் குறியை) அங்கே வைத்து, இறக்கைப் பெட்டியின் ஆரிஜினை (அது சுழலும் மையப்புள்ளியை) கர்சருக்கு மாற்றுங்கள். இப்போது சுழற்றிப் பாருங்கள். மூடிய நிலை, பிளந்த நிலை, நடக்கும் நிலை, அவற்றுக்கு இடையில் உள்ள நிலைகள். இடைநிலைகளைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். தொடக்கமும் முடிவும் சரியாக இருக்கும், நடுவழியில் தகடு தலையை வெட்டிக்கொண்டு போகும். அப்படி ஆனால் கீலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெளியே தள்ளுங்கள், அல்லது உடலின் இடுப்பைக் குறுக்குங்கள்.

நான்கு பீரங்கிகளுக்கும் இப்போதே ஒரு குச்சி செருகுங்கள், பக்கத்துக்கு இரண்டு. இறக்கை மூடும்போது அவற்றுக்கு உள்ளே இடம் இருக்கிறதா என்று இந்தக் கட்டத்தில் பார்க்காவிட்டால் எப்போதும் பார்க்க மாட்டீர்கள்.

5. உண்மையான வடிவம்

பெட்டிகள் ஒழுங்காக மடிகின்றன, சரி. இனிதான் செதுக்கல். உடலையும் தலையையும் பாதி மட்டும் கட்டி, மறுபாதியைக் கண்ணாடிபோல் தானே உண்டாக்கும் மிரர் மாடிஃபையர் போடுங்கள். அதில் 'கிளிப்பிங்' தேர்வை மறக்காதீர்கள். இல்லையென்றால் நடுவில் முடி அளவு இடைவெளி விழுந்து, ரெண்டரில் (இறுதிப் படத்தில்) கறுப்புக் கோடாகத் தெரியும்.

இறக்கையில் இடப்பக்கத்து மேல் தகடு, கீழ்த் தகடு இரண்டை மட்டும் கட்டுங்கள். வலப்பக்கம் இப்போது வேண்டாம்.

விளிம்புகளின் கூர்மையை மழுக்க பெவல் மாடிஃபையர்: அகலம் 1 சென்டிமீட்டர், இரண்டு துண்டுகள், கோண வரம்பு 30 டிகிரி. போடும் முன் கண்ட்ரோல்-ஏ தட்டி ஸ்கேலை அப்ளை செய்யுங்கள். பெட்டியை ஒரு பக்கம் மட்டும் இழுத்து நீட்டியிருப்பீர்கள். அந்த நீட்டல் பெவலுக்குள்ளும் புகுந்து ஒரு விளிம்பு தடிமனாகவும் இன்னொன்று மெலிதாகவும் வரும். 'பெவல் கோணலாக வருகிறது' என்று என்னிடம் கேட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் காரணம்.

பழைய பயிற்சி வீடியோக்களில், மேற்பரப்பை வழவழப்பாகக் காட்டும் 'ஆட்டோ ஸ்மூத்' என்ற பெட்டியை டிக் செய்யச் சொல்வார்கள். பதிப்பு 4.1இல் அதை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 4.2இல் வலது சொடுக்குப் பட்டியில் 'ஷேட் ஆட்டோ ஸ்மூத்' இருக்கும். தட்டினால் அது ஒரு மாடிஃபையராக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தகட்டு இணைப்புக் கோடுகள் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டியில் விமானி கிடையாது, கண்ணாடிக் கூண்டும் கிடையாது. பார்ப்பவருக்கு இதன் அளவை ஊகிக்க எந்த அடையாளமும் இல்லை. அந்தக் கோடுகளின் தடிமன்தான் அளவைச் சொல்லும். கார் கதவின் இடுக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: 4, 5 மில்லிமீட்டர். புதியவர்கள் 3 சென்டிமீட்டர் போடுவார்கள், மாடல் உடனே மேசைமேல் வைக்கும் பொம்மையாகிவிடும்.

6. நகலெடுக்கும் முன் யூவி

இடப்பக்கத் தகடுகளை யூவி விரித்து (வண்ணம் தீட்ட மேற்பரப்பைத் தட்டையாக விரிப்பது) முடியுங்கள். அப்புறம்தான் வலப்பக்கம். மாற்றிச் செய்தால் ஒரே வேலையை நான்கு முறை செய்வீர்கள்.

விரித்த பிறகு தகடுகளுக்கு மிரர் போட்டு, அதன் 'மிரர் ஆப்ஜெக்ட்' ஆக உடலைக் கொடுத்து (இல்லையென்றால் கீலைச் சுற்றியே திரும்பும்), அப்ளை செய்து, எடிட் மோடில் பி விசையைத் தட்டி 'லூஸ் பார்ட்ஸ்' என்று பிரியுங்கள். திருகு, குழாய் என்று ஒட்டாத துண்டுகள் இருந்தால் அவையும் தனித்தனியாகச் சிதறும். உரிய தகட்டோடு கண்ட்ரோல்-ஜே தட்டி மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். மிரரை அப்ளை செய்யாமல் எலும்பில் கட்டினால் இடது இறக்கையை அசைக்கும்போது வலதும் கூடவே ஆடும்.

மிரருக்குப் பதில் ஸ்கேலில் கழித்தல் ஒன்று கொடுத்துத் திருப்பியவர்கள், ஃபேஸ் ஓரியன்டேஷன் ஓவர்லேயைப் போட்டுப் பாருங்கள். வெளிப்புறம் சிவப்பாக இருந்தால் தகட்டின் பரப்புகள் உள்ளே திரும்பியிருக்கின்றன. ஷிஃப்ட்-என் தட்டினால் சரியாகும்.

பிரிந்த நான்கு தகடுகளுக்கும் ஆரிஜினை மறுபடி கீலில் வையுங்கள். பெயரும் இப்போதே: ஒவ்வொன்றின் கடைசியிலும் புள்ளி வைத்து இடதுக்கு 'எல்', வலதுக்கு 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து. எலும்புகளுக்கும் இதே பெயர்முறைதான். ஒரு பக்க எலும்புகளைப் போட்டுவிட்டு 'சிம்மெட்ரைஸ்' கொடுத்தால் மறுபக்கம் தானே வரும்; அந்த எழுத்து இல்லையென்றால் வராது.

7. எலும்புக்கூடு

அடி எலும்பு ஒன்று, உடல், கழுத்து, தலை. ஒவ்வொரு தகட்டுக்கும் இரண்டு எலும்புகள்: முதலில் மடிப்பு எலும்பு, அதன் பிள்ளையாகப் பிளவு எலும்பு. பிளவு எலும்பு கீலிலிருந்து நுனி வரை நீளட்டும். மொத்தம் பன்னிரண்டு. கூடவே நான்கு பாத இலக்குகள். இந்த இலக்குகள் உடலுக்குப் பிள்ளையாக இருக்கக் கூடாது. உடல் நகர்ந்தாலும் பாதம் தரையில் நிற்க வேண்டும்.

ஓர் அசைவுக்கு ஓர் எலும்பு என்று பிரிப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு அச்சுகளையும் ஒரே எலும்பில் வைத்தால் எந்தச் சுழற்சி முதலில் என்பதைப் பொறுத்து நுனி வேறு வேறு இடத்துக்குப் போகும். எலும்புகளின் சுழற்சி முறை இயல்பாகவே குவாட்டர்னியனில் (நான்கு எண்களால் சுழற்சியைக் குறிக்கும் முறையில்) இருக்கும். அதை 'எக்ஸ்-ஒய்-இசட் ஆய்லர்' என்று மாற்றி, தேவையில்லாத இரண்டு அச்சுகளைப் பூட்டிவிடுங்கள். அப்போது ஒரே ஓர் எண்ணை மாற்றினால் இறக்கை மடியும்.

மெஷ்ஷை (செதுக்கிய வடிவத்தை) எலும்போடு கட்டும்போது 'ஆட்டோமேட்டிக் வெயிட்ஸ்' பக்கமே போகாதீர்கள். அது தோலுக்கும் சதைக்கும் உரியது. இரும்புத் தகட்டுக்குப் போட்டால் கீல் அருகில் ரப்பர் மாதிரி வளையும். தகட்டையும் பிறகு ஆர்மேச்சரையும் (எலும்புக்கூட்டையும்) தேர்ந்தெடுத்து, போஸ் மோடில் உரிய எலும்பைச் சொடுக்கி, கண்ட்ரோல்-பி தட்டி 'போன்' என்பதைக் கொடுங்கள். தகடு விறைப்பாக எலும்போடு போகும்.

அடுத்து, கால். நாய், மனிதன் உருவங்களுக்கு எலும்புக்கூடு பொருத்தி (ரிக் செய்து) பழகியவர்கள் இங்கே உடனே ஐ.கே. (பாதத்தை நகர்த்தினால் கால் தானே மடங்கும் முறை) போடுவார்கள். வல்ச்சரின் கால் ஒரே துண்டு, முட்டி கிடையாது. மடங்க இடமில்லாத காலில் ஐ.கே. போட்டால் அது மடிப்பு எலும்புக்கும் பிளவு எலும்புக்கும் நடுவில் இல்லாத முட்டியை உண்டாக்கும். சங்கிலி நீளத்தைப் பூஜ்யமாக விட்டிருந்தால் உடம்பையே இழுத்துக்கொண்டு வரும்.

அதற்குப் பதில் பிளவு எலும்பில் 'டேம்ப்ட் டிராக்' கன்ஸ்ட்ரெய்ன்ட் (கட்டுப்பாடு) போட்டு, பாத இலக்கைக் குறியாகவும் ஒய் அச்சைத் திசையாகவும் கொடுங்கள். கால் எப்போதும் இலக்கைப் பார்த்து நீளும், அவ்வளவுதான். அதன் 'இன்ஃப்ளுவன்ஸ்' (வலிமை) பறக்கும்போது 0, நடக்கும்போது 1.

8. உருமாற்றம்

எல்லாம் ஒரே ஃபிரேமில் தொடங்கி ஒரே ஃபிரேமில் முடிந்தால் குடை விரிகிற மாதிரி இருக்கும். முதலில் தகடுகள் பிளக்கட்டும், ஐந்தாறு ஃபிரேம் கழித்து மடிப்பு தொடங்கட்டும், அது முடியும் தறுவாயில் தலை எழட்டும். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் மொத்தம் 40 ஃபிரேம் எனக்குப் பிடித்த நீளம்.

மடிப்பு முடிந்த ஃபிரேமில் கர்சரைத் தகட்டின் நுனிக்குக் கொண்டுபோய், ஷிஃப்ட்-எஸ் வழியாகப் பாத இலக்கை அதே இடத்தில் வையுங்கள். அதன் பிறகே இன்ஃப்ளுவன்ஸை 0இலிருந்து 1க்கு ஏற்றுங்கள். இலக்கு வேறெங்காவது இருந்தால் கால் வெடுக்கென்று துள்ளும்.

9. நடை

முட்டி இல்லாத கால் எப்படி நடக்கும் என்பதற்குப் பொய்க்கால் குதிரை ஆட்டத்தைப் பாருங்கள். கட்டையை நேராக மேலே தூக்க முடியாது. உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, மறுகாலை வெளிப்பக்கமாக வீசி முன்னால் வைப்பார்கள். நம் இயந்திரத்துக்கும் அதே விதிதான்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, பாத இலக்கை நேராக மேலே தூக்குவது. டேம்ப்ட் டிராக் திசையை மட்டும்தான் பார்க்கும். காலின் நீளம் மாறாது. இலக்கு மேலே போனாலும் நுனி அதைத் தாண்டி நீண்டு, தரையை உரசிக்கொண்டேதான் போகும். இலக்கை வெளிப்பக்கமாக வளைத்துக் கொண்டுபோங்கள்.

எண்களோடு பார்ப்போம். கீலிலிருந்து நுனி வரை 3 மீட்டர், நிற்கும்போது கால் வெளிப்பக்கம் 20 டிகிரி சாய்ந்திருக்கிறது. கீலின் உயரம் 2.82 மீட்டர். சாய்வை 27 டிகிரி ஆக்கினால் நுனி ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் மேலே வரும். ஓர் அடி எடுத்துவைக்க அது தாராளம்.

முன்பின் வீச்சுக்கும் வரம்பு உண்டு. கால் முன்னும் பின்னும் 10 டிகிரி போனால் நுனிக்கும் தரைக்கும் 4 சென்டிமீட்டர் இடைவெளி விழும். உடலை 2 சென்டிமீட்டர் ஏற்றி இறக்கினால் மிச்சம் யார் கண்ணுக்கும் தெரியாது. 20 டிகிரி போனால் அதே இடைவெளி 17 சென்டிமீட்டர்; எதைக் கொண்டும் மறைக்க முடியாது. எனவே சிறிய அடிகளாக வையுங்கள்.

ஒரு சுற்று 48 ஃபிரேம். ஒரு நேரத்தில் ஒரு கால் மட்டும், 12 ஃபிரேம் காற்றில், மீதி 36 ஃபிரேம் தரையில். வரிசை: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். மூன்று கால்கள் எப்போதும் தரையில் இருப்பதால் எடை அந்த முக்கோணத்துக்குள் நிற்க வேண்டும். ஆகவே கால் எழுவதற்கு மூன்று நான்கு ஃபிரேம் முன்பே உடல் எதிர்ப்பக்கம் சாயத் தொடங்கட்டும்.

10 டிகிரி வீச்சில், கால் தரையில் நிற்கும் 36 ஃபிரேமில் உடல் சுமார் 98 சென்டிமீட்டர் நகரும். முழுச் சுற்றுக்கு 1.3 மீட்டர். ஒவ்வொரு பாத இலக்கும் தன் 12 ஃபிரேமில் இதே 1.3 மீட்டர் தாண்ட வேண்டும். இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒவ்வொரு சுற்றிலும் கால் பின்தங்கிக்கொண்டே போகும்.

உடலின் முன்னோக்கிய நகர்வை மட்டும் கிராஃப் எடிட்டரில் 'லீனியர்' (சீரான வேகம்) ஆக்குங்கள். இயல்பான பெசியர் வளைவில் விட்டால் தொடக்கத்தில் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் போய், காலின் சாய்வு கணக்குக்கு வராது. சாய்வு, ஏற்ற இறக்கம் எல்லாம் பெசியரிலேயே இருக்கட்டும்.

10. நிறமும் ஒளியும்

இடது வலது தகடுகளுக்கு ஒரே யூவி என்பதால் கீறலும் அழுக்கும் ஒரே இடத்தில் வரும். மெட்டீரியலில் 'ஆப்ஜெக்ட் இன்ஃபோ' நோடின் 'ராண்டம்' வெளியீட்டை எடுத்து அழுக்கு வடிவத்தை நகர்த்துங்கள். ஒவ்வொரு தகடும் வெவ்வேறாகத் தேயும்.

விளிம்புத் தேய்மானத்துக்கு 'பாயின்டினெஸ்' பயன்படுத்துபவர்கள் கவனிக்க: அது பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டர் எஞ்சினில் மட்டும்தான் வேலை செய்யும். இன்னொரு எஞ்சினான ஈவியில் ரெண்டர் செய்யப் போகிறீர்கள் என்றால் தேய்மானத்தைக் கையால் தீட்டிவிடுங்கள். பாத நுனிகளில் கொஞ்சம் கூடுதலாகவே தேயுங்கள். உலோகத் தளத்தில் நடக்கிற நுனி அது.

விண்வெளிக்கு ஒரு சூரிய விளக்கு, எதிர்ப்பக்கம் மிக மங்கலாக இன்னொன்று. சிவப்புக் கண்களின் எமிஷனை (ஒளிர்வை) கடைசியில் ஏற்றுங்கள். முதலிலேயே ஏற்றினால் அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப மற்ற விளக்குகளைக் குறைத்துக்கொண்டே போய், இறக்கைகள் இருட்டில் காணாமல் போகும்.

முடித்ததை உங்கள் பணித்தொகுப்பில் ரசிகர் படைப்பு என்று குறிப்பிட்டுப் போடுங்கள். வடிவமைப்பின் உரிமை லூகாஸ்ஃபிலிமுடையது, மாடல் கோப்பை விலைக்கு வைக்காதீர்கள்.